அளவைக் கருவி சொல்லும். விவரத்தை நாம் சொல்ல வேண்டும்

காலை நேரத்தில் பொத்தேரி நிலையத்தில் புறநகர் இரயில் வந்து நிற்கும்போது, கல்லூரி மாணவர்களின் கூட்டத்துக்கு நடுவே மருத்துவக் கோப்பை மார்போடு அணைத்தபடி இறங்குவோரையும் காணலாம். தாம்பரத்திலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் வருகிறவர்கள் அவர்கள். முன்பெல்லாம் அந்தக் கோப்புக்குள் மருந்துச் சீட்டும் ஆய்வக முடிவுகளும் இருக்கும். வீட்டில் எடுத்த இரத்த அழுத்த அளவுகள் ஒரு பழைய நாட்குறிப்பின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். இன்று அந்தப் பக்கத்தின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டிருக்கிறது. ‘வீட்டில் அழுத்தம் எவ்வளவு இருந்தது?’ என்று மருத்துவர் கேட்டால், உடன்வந்த மகனோ மகளோ கைப்பேசியைத் திறந்து நீட்டுகிறார். அளவுக் கருவியிலிருந்து புளூடூத் வழியாகத் தாமே வந்து சேர்ந்த எண்கள், நாளும் நேரமுமாக அதில் வரிசையாக நிற்கின்றன.

இது நல்ல மாற்றம். ஆனால் மருத்துவர் அடுத்துக் கேட்கும் கேள்வியில்தான் சிக்கல் தொடங்குகிறது: ‘இவை எல்லாம் அம்மாவுடைய அளவுகள்தானா?’ அதே கருவியில் அப்பாவும் அளந்துகொள்வது அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. செவ்வாய்க்கிழமை காலை 162 என்று நிற்கும் எண் யாருடையது? சொல்ல ஆளில்லை. அதை நம்பி மாத்திரையின் அளவைக் கூட்டினால், அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் ஒருவர் தலைசுற்றி விழக்கூடும். நம்பாமல் ஒதுக்கினால், உண்மையிலேயே அழுத்தம் உயர்ந்திருக்கும் மற்றொருவர் கவனிக்கப்படாமற் போகக்கூடும். ஒரே கருவியை இருவர் பயன்படுத்தும் எந்த வீட்டுக்கும் இத்தகைய தருணம் நேரலாம்.

புளூடூத்தைப் பயன்படுத்த வேண்டுமா, வேண்டாமா என்பது இனிக் கேள்வியன்று. அது நம் சட்டைப்பையிலும் கைப்பையிலும் ஏற்கெனவே குடியிருக்கிறது. நோயாளியைப் பராமரிக்கும் குடும்பங்களுக்கு அது பல வகையிலும் உதவும் என்பதே எங்கள் கருத்து. ஆயினும் அது சுமந்து வருவது அளவை மட்டுமே. அந்த அளவு யாருடையது, எந்த நிலையில் எடுக்கப்பட்டது, அன்று மாத்திரை உட்கொள்ளப்பட்டதா என்பவற்றை அது சுமந்து வருவதில்லை. அந்தப் பகுதியை நாம் நிறைவுசெய்யாவிட்டால், கருவி செய்த வேலையும் வீணாகிவிடும்.

முதலில் இவ்வசதியின் இயல்பைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். புளூடூத் என்பது குறுந்தொலைவு வானொலி அலை. 1998-ஆம் ஆண்டில் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் ஒன்றுகூடி இதற்குரிய பொது நெறியை வகுக்கத் தொடங்கின. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் மன்னரின் பட்டப்பெயரே இதற்குப் பெயராயிற்று. 2010-இல் வெளிவந்த நான்காம் பதிப்பு, மிகக் குறைந்த மின்னாற்றலில் இயங்கும் முறையை அறிமுகப்படுத்தியது. சிறு மின்கலத்தைக் கொண்டே மாதக்கணக்கில் இயங்கும் மருத்துவக் கருவிகள் பெருகியதற்கு அதுவே வழி. அருகருகே இருக்கும் இரு கருவிகள் பேசிக்கொள்ள இணையமோ சிம் அட்டையோ தேவையில்லை. பொதுவாக ஓர் அறைக்குள், ஏறத்தாழ 10 மீட்டர் தொலைவுக்குள், அது நன்கு இயங்கும். கைப்பேசி தொலைவிலுள்ள கோபுரத்தோடு பேசுவதற்குச் செலவிடும் ஆற்றலைவிட இதற்கு வேண்டியது மிகக் குறைவு. ஆகவே கதிர்வீச்சு என்று அஞ்சி இதனை ஒதுக்க வேண்டியதில்லை.

இதன் பயன்களில் முதலாவது, வீட்டிலேயே எடுக்கப்படும் அளவுகள். இரத்த அழுத்தக் கருவி, எடைக் கருவி, குளுக்கோமீட்டர், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஆகியவற்றுள் பல இன்று புளூடூத்துடன் கிடைக்கின்றன. கையால் எழுதும்போது எண் தவறலாம், எழுதவே மறந்துபோகலாம், மருத்துவரைப் பார்க்கப் போகிறோம் என்பதற்காக உயர்ந்த அளவுகளை விட்டுவிட்டு நல்ல அளவுகளை மட்டும் எழுதும் ஆசையும் மனித இயல்பே. கருவி தானே பதியும்போது இக்குறைகள் நீங்குகின்றன.

நீரிழிவு உடையோருக்குப் புயத்தில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை உணரி ஒரு பெருந்துணை. அதன் சில வகைகள், சர்க்கரை இறங்கும்போது புளூடூத் வழியாகக் கைப்பேசியை ஒலிக்கச் செய்கின்றன. இன்சுலின் எடுத்துக்கொள்ளும் முதியவர் தனியே உறங்கும் வீட்டில், நள்ளிரவில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது எழும் அந்த ஒலி உயிர் காக்கக்கூடியது. ஆனால் அவ்வுணரி அளப்பது நேரடியாக இரத்தத்தை அன்று. தோலுக்கடியில் உயிரணுக்களுக்கு இடையேயுள்ள நீர்மத்தை. எனவே சர்க்கரை விரைவாக ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் எண் சில நிமிடங்கள் பின்தங்கியே இருக்கும். உணரி ஒட்டிய கையின்மேல் சாய்ந்து படுத்தாலும் அளவு குறைவாகக் காட்டக்கூடும். உடல் ஒன்று சொல்ல, கைப்பேசி வேறொன்று சொன்னால், விரலில் குத்திப் பார்ப்பதே முறை. வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினால் எண் வரட்டும் என்று காத்திருக்கலாகாது. விழுங்கும் நிலையில் இருப்பவருக்குச் சர்க்கரையை உடனே கொடுத்துவிட்டு, பிறகு அளந்துகொள்ளலாம். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் புகட்டாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

இரண்டாவது, செவித்திறன். மருத்துவர் சொல்வது முதியவர்க்குக் கேட்பதில்லை. கேட்டதுபோல் தலையசைத்துவிட்டு வெளியே வந்து ‘என்ன சொன்னார்?’ என்று பேரனைக் கேட்கிறார். இன்றைய காது கேட்கும் கருவிகளில் பல, தொலைபேசிக் குரலைப் புளூடூத் வழியாக நேரே செவிக்குள் சேர்க்கின்றன. சில கைப்பேசிகளில், எதிரில் பேசுபவர் பக்கத்தில் கைப்பேசியை வைத்தால், அதுவே ஒலிவாங்கியாகி அக்குரலைச் செவிக்குக் கொண்டுவரும் வசதியும் உண்டு. மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொண்டு, கைப்பேசியை அவர் மேசைமேல் வைத்துப் பார்க்கலாம். நோயாளி தம் நோயைப் பற்றித் தாமே நேரடியாகக் கேட்டறிவது அவருடைய உரிமை. பிறர் வாயிலாகக் கேட்டறிவது அதற்கு ஈடாகாது.

மூன்றாவது, நோயாளிகள் பலர் ஒன்றாகத் தங்கும் அறையின் அமைதி. இரவு பத்து மணிக்கு ஒரு கட்டிலில் பக்திப் பாடல், மறு கட்டிலில் தொலைக்காட்சித் தொடர், நடுக்கட்டிலில் அறுவைச் சிகிச்சை முடிந்து உறக்கம் வராமல் புரளும் ஒருவர். கம்பியில்லா இயர்போன் இருப்போர் அதை அணிந்துகொள்வது அவருக்குச் செய்யும் உதவி. உடனிருந்து பார்த்துக்கொள்பவர் மட்டும் ஒரு காதில் அணிந்தால் போதும். இரு காதுகளும் அடைபட்டிருந்தால் நோயாளி மெல்ல அழைக்கும் குரலும், மருந்தேற்றும் கருவியின் எச்சரிக்கை ஒலியும் கேளாமற் போய்விடும்.

நான்காவது, தேடல். வீட்டுச் சாவியிலோ மருந்துப் பையிலோ மாட்டிவைக்கும் சிறு புளூடூத் வில்லை, அப்பை எங்கே கிடக்கிறது என்பதைக் கைப்பேசிக்குச் சொல்லும். நினைவாற்றல் குன்றிய பெரியவரின் சட்டையில் இதைப் பொருத்திவிட்டு நிம்மதியாக இருக்கலாமா என்று சிலர் எண்ணக்கூடும். கூடாது என்பதே எங்கள் கருத்து. பொருள் தொலைவில் இருக்கும்போது, அவ்வழியே செல்லும் வேறொருவரின் கைப்பேசி அந்த அலையை உணர்ந்தால்தான் இடம் தெரியவரும். ஆள் நடமாட்டமற்ற ஏரிக்கரையில் அது ஊமையாகிவிடும். பெயரும் தொடர்பு எண்ணும் எழுதிய அட்டையொன்று அவர் பையில் இருப்பதும், உடன் ஓர் ஆள் இருப்பதுமே முதற்காப்பு.

இப்படி ஒவ்வொரு பயனுக்குள்ளும் ஓர் எல்லை இருக்கிறது. அவ்வெல்லையை நாம் அனைவரும் ஒருமுறை நேரில் கண்டிருக்கிறோம். கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020 ஏப்ரல் 2 அன்று, ஒன்றிய அரசு ‘ஆரோக்கிய சேது’ செயலியை வெளியிட்டது. இரு கைப்பேசிகள் அருகருகே வரும்போது புளூடூத் வழியாக ஒன்றையொன்று அறிந்து, அச்சந்திப்பைக் குறித்துக்கொள்வதும், பின்னர் ஒருவர்க்குத் தொற்று உறுதியானால் அவரருகே இருந்தவர்களை எச்சரிப்பதும் அதன் நோக்கம். மருத்துவத் தேவைக்காக இந்நாட்டில் புளூடூத் இத்தனை பெரிய அளவில் பயன்பட்டது அப்போதுதான்.

நோக்கம் நல்லது. ஆனால் புளூடூத் அலை சுவரை ஊடுருவும், மூச்சுக்காற்று ஊடுருவாது. அடுக்கு வீட்டின் ஒரு சுவருக்கு இருபுறமும் உறங்கும் இருவர், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே, அருகில் இருந்தவர்களாகக் கணக்கில் வரக்கூடும். கைப்பேசியை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனவரோ எவர் கணக்கிலும் வரமாட்டார். அலையின் வலிமையை மட்டுமே கருவி அறிந்தது. இடையில் இருந்தது சுவரா, திறந்த வெளியா என்பதை அது அறியவில்லை. அதனால்தான் அக்காலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று, ‘யாரைச் சந்தித்தீர்கள், எவ்வளவு நேரம் பேசினீர்கள்?’ என்று கேட்டு எழுத வேண்டியிருந்தது. யாருடையது என்று தெரியாத அந்த 162-க்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இரண்டிலும் எண் இருக்கிறது, விவரம் இல்லை.

தமிழ்நாட்டில் வேறொரு முன்மாதிரியும் நம் கண்முன் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரைகளையும் சேர்ப்பிக்கிறார்கள். அவர்களுடைய பலம் கையிலுள்ள கருவியில் மட்டும் இல்லை. வாசலில் நின்று பேசும்போதே, பாட்டி மாத்திரையை இரண்டு நாளாகத் தொடவில்லை என்பதையும், தாத்தா இப்போதுதான் மாடியேறி வந்தார் என்பதையும் அறிய அவர்களுக்கு வாய்க்கிறது. அத்தகைய பணியை நம் வீட்டுக்குள் நாமே செய்துகொள்ள வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அதற்கு வேண்டியவை அரியவை அல்ல. ஒரு கருவியை இருவர் பயன்படுத்தினால், செயலியில் இருவர்க்கும் தனித்தனிக் கணக்குத் தொடங்குங்கள். பல கருவிகளில் முதலாமவர், இரண்டாமவர் என்று மாற்றிக்கொள்ளும் பொத்தானே உண்டு. அளப்பதற்கு முன் அதைச் சரிபாருங்கள். மின்கலம் மாற்றியபின் கருவியின் நாளும் நேரமும் சரியா என்று நோக்குங்கள். மாத்திரை தவறிய நாள், காய்ச்சல் கண்ட நாள், உறக்கமில்லாத இரவு ஆகியவற்றைச் செயலியின் குறிப்புப் பகுதியில் இரண்டே சொற்களில் எழுதிவிடுங்கள்.

அளக்கும் முறையும் எண்ணை மாற்றிவிடும். இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முந்தைய அரைமணி நேரம் காப்பியும் புகையும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். பட்டை சுற்றிய புயம் நெஞ்சின் மட்டத்தில் மேசைமேல் தாங்கப்பட்டிருக்க வேண்டும். புயத்தின் சுற்றளவுக்குப் பட்டை சிறியதாக இருந்தால் அளவு உயர்வாகக் காட்டும். மருத்துவரைக் காண்பதற்கு முந்தைய ஏழு நாள்களில் காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து வைத்தால் அவருக்கு அது பேருதவி. வீட்டில் எடுக்கும் அளவுகளின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் பொதுவாக அது உயர் அழுத்தமாகக் கருதப்படுகிறது. ஒரே ஒரு நாளின் ஒரே ஓர் எண் அச்சத்துக்கும் காரணமாக வேண்டாம். ஆறுதலுக்கும் காரணமாக வேண்டாம். ஆயினும் நெஞ்சு வலியோ, மூச்சுத் திணறலோ, கை கால் தளர்ச்சியோ, பேச்சுக் குழறலோ சேர்ந்து வந்தால் சராசரிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனையை நாட வேண்டும்.

ஆக்ஸிமீட்டரிலும் இப்படியே. மருதாணியும் நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அளவைப் பிழையாக்கும். கருத்த தோலில் அது உள்ளதைவிடச் சற்று உயர்வாகக் காட்டக்கூடும் என்பது ஆய்வுகளில் தெரியவந்த உண்மை. எல்லார்க்கும் ஒரே எல்லையும் இல்லை. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள் சிலர்க்கு, ஆக்ஸிஜன் செலுத்தும்போது 88 முதல் 92 வரையிலான அளவே இலக்காக வைக்கப்படுகிறது. மற்றவர்க்கு அது ஆபத்தான அளவு. ஆகவே ‘என் எல்லை எது? எந்த எண் வந்தால் நான் உடனே வர வேண்டும்?’ என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு, அதை எழுதிக் கைப்பேசியின் பின்புறமே ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கைப்பேசியை அக்கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைத்திருக்க வேண்டும். இடப்பக்கம் பொருத்தியிருந்தால் சட்டையின் இடப்பைக்குள் கைப்பேசி கூடாது. அஞ்ச வேண்டியது புளூடூத் அலைக்கு அன்று. கைப்பேசியிலும் இயர்போனிலும் அதன் பெட்டியிலும் உள்ள காந்தத்துக்கு. எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழையுமுன் கைப்பேசி, கைக்கடிகாரம், இயர்போன், காது கேட்கும் கருவி ஆகிய அனைத்தையும் கழற்றிவிட வேண்டும். சர்க்கரை உணரி ஒட்டியிருந்தால் அதனை முன்கூட்டியே பணியாளரிடம் சொல்ல வேண்டும்.

உடலின் அளவுகள் ஒருவரின் அந்தரங்கம். 2023-இல் நாடாளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் முதற்காவல் நம் கையில் இருக்கிறது. முன்பின் அறியாத கருவி இணையக் கேட்டால் மறுத்துவிடுங்கள். கைப்பேசியையோ அளவுக் கருவியையோ பிறர்க்குக் கொடுக்கும்போதும் விற்கும்போதும் பழைய இணைப்பையும் பதிவுகளையும் அழித்துவிடுங்கள். மாமியாரின் சர்க்கரை அளவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நோயாளியான பின்னும் அது அவருடைய உடல்தான்.

‘இதெல்லாம் எங்களுக்கு எட்டாது, எங்களிடம் பொத்தான் கைப்பேசிதான் இருக்கிறது’ என்று எண்ணும் வாசகர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். புளூடூத் இல்லாத கருவி தாழ்ந்தது அன்று. துல்லியம் முறையாகச் சோதிக்கப்பட்ட, புயத்தில் சுற்றும் எளிய கருவியும் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகமும், துல்லியம் தெரியாத விலையுயர்ந்த கைக்கடிகாரத்தைவிட மேலானவை. பட்டையில்லாமல் மணிக்கட்டிலேயே அழுத்தத்தைக் காட்டும் கடிகாரத்தின் எண்ணைக் கொண்டு மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கையில் பணம் குறைவாக இருந்தால் அதைக் கருவியின் துல்லியத்துக்குச் செலவிடுங்கள்; அலைக்குச் செலவிட வேண்டாம்.

மருத்துவர்களுக்கும் செவிலியர்க்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. இரயிலேறி, வெயிலில் நடந்து, வரிசையில் அமர்ந்து, கைப்பேசியை நீட்டும் அந்த மகளுக்கு ஒரு நிமிடம் கொடுங்கள். அவர் கொண்டுவந்த அளவுகளைப் பாராமலே மேசைமேல் வைத்துவிட்டால், அடுத்த மாதம் அவர் அளக்கமாட்டார். பார்த்து, ‘இந்த வாரத்து அளவுகள் உதவின, இனி மாலை அளவை மட்டும் எடுங்கள்’ என்று ஒரு சொல் சொன்னால், அவர் அதை விடமாட்டார்.

அடுத்த முறை வரும்போது, அம்மாவின் அளவுகள் அம்மாவின் பெயரிலும் அப்பாவின் அளவுகள் அப்பாவின் பெயரிலும் இருக்கட்டும். 162 என்ற எண் மீண்டும் வந்திருந்தால், அதன் பக்கத்தில் ‘அம்மா, முந்தின இரவு மாத்திரை போடவில்லை’ என்ற ஒரு வரி இருக்கட்டும். மருத்துவருக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். அதை எழுதக்கூடியவர், அன்று காலை அம்மாவின் பக்கத்தில் அமர்ந்திருந்த நீங்கள் மட்டுமே.